தேய்மானம் எங்கே விழும்?

"புதுசாப் பெயின்ட் அடிச்சுட்டு, காய்ஞ்சதும் நீங்களே தேய்ச்சுப் பழசாக்குறீங்க. இது பொய்தானே?" மரவேலை தெரிந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பழைய மரச்சாமான்களுக்கு டிஸ்ட்ரெஸ்டு ஃபினிஷ் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. வெளிர் சாம்பலோ மங்கிய நீலமோ அடித்து, ஓரங்களில் அடிநிறமும் மரமும் எட்டிப் பார்க்கும்படி தேய்த்துவிடும்போது கிடைக்கும் நிறைவு தனி. ஆனால் அவர் கேட்டதற்கு "பார்க்க நல்லா இருக்கே" என்பதைத் தவிர அப்போது வேறு பதில் வரவில்லை. அது அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அவருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. நல்ல மரத்தைப் பெயின்ட்டால் மூடுவது பாவம் என்பார். இதில் பாதி எனக்கும் சம்மதம். தேக்கிலோ ஈட்டியிலோ செய்த ஒரு சாமானில் பழைய பாலிஷ் இன்னும் உயிரோடு இருந்தால், நான் பெயின்ட் டப்பாவைத் திறப்பதே இல்லை. துடைத்து மெழுகு போடுவதோடு சரி. ஆனால் பழைய சாமான் எல்லாமே மரத்தின் ரேகையைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை என்று நினைப்பது சரியில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செய்த விண்ட்சர் நாற்காலிகளைப் பாருங்கள். உட்காரும் பலகைக்குக் குடைய எளிதான பைன் போன்ற மென்மரம், முதுகுக் குச்சிகளுக்கு வளைந்து கொடுக்கும் ஹிக்கரி, கால்களுக்குக் கடைசலில் நன்றாக வரும் மேப்பிள் என்று ஒரே நாற்காலியில் மூன்று மரம் இருக்கும். மூன்றும் மூன்று நிறம். அதனால் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் பச்சையில், பெயின்ட் அடித்துத்தான் விற்றார்கள். சுவீடனில் மூன்றாம் குஸ்தாவ் ஆண்ட 1771 முதல் 1792 வரையிலான காலத்தின் பெயரால் அறியப்படும் சாமான்களும் அப்படித்தான்: சாம்பல், வெளிர் நீலம், மங்கிய வெள்ளை. அங்கே இன்றும் பழம்பொருள் சீரமைப்பவர்கள், பின்னால் ஏறிய அடுக்குகளை ரசாயனம் இல்லாமல் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்து, முதல் பெயின்ட்டை வெளியே கொண்டுவருகிறார்கள். ஆக, பெயின்ட் என்பது மரத்துக்குச் செய்யும் அவமரியாதை என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. சாதாரண மரம், ஒட்டுப்போட்ட பலகை, மக்கு வைத்து அடைத்த ஓட்டை, பாலிஷ் போய்த் திட்டுத்திட்டாக நிற்கும் அலமாரி ஆகியவற்றுக்குப் பெயின்ட்தான் சரியான உடை.

பொய் என்ற குற்றச்சாட்டு அப்படி எளிதில் போகவில்லை. யாரை ஏமாற்றுகிறோம் என்று முதலில் யோசித்தேன். பழசு என்று சொல்லி விற்பதற்காகவே புதுச் சாமானைச் சங்கிலியால் அடித்து, ஆணியால் குத்தி, பூச்சி அரித்த ஓட்டைகளைத் துளைபோட்டு உண்டாக்குகிறவர்கள் உண்டு. அது மோசடி, பேச்சே இல்லை. (அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. மேலே தெரியும் ஒன்றரை, 2 மில்லிமீட்டர் ஓட்டை என்பது வண்டு வெளியே பறந்துபோன வழி. புழுவாக அது உள்ளே தின்றுபோன பாதை வளைந்து வளைந்து போகும். மெல்லிய கம்பியை விட்டால் நேராக உள்ளே போகிறது என்றால் அது துளைக்கருவியின் வேலை.) நான் செய்வதில் அப்படி யாரும் ஏமாறுவதில்லை. போன வாரம் அடித்த பெயின்ட் என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியும், நானும் மறைப்பதில்லை. சரி, அப்படியானால் விஷயம் முடிந்ததா? முடியவில்லை. ஏனென்றால், யாரும் ஏமாறவில்லை என்றாலும் சில சாமான்கள் பார்த்த உடனே பொய்யாகத் தெரிகின்றன, சில அப்படித் தெரிவதில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதுதான் என்னை விடாமல் படுத்தியது.

எல்லா ஓரமும் ஒரே மாதிரி

இந்தப் பாணி உலகம் முழுக்கப் பரவியது 1980-களின் கடைசியில் இருந்து. ரேச்சல் ஆஷ்வெல் என்ற வடிவமைப்பாளர் 1989-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் திறந்த 'ஷாபி சிக்' கடை அதற்கு ஒரு பெயரையும் கொடுத்தது. பழம்பொருள் சந்தைகளில் தேடி எடுத்த, தானாகவே பெயின்ட் உரிந்த சாமான்கள்தான் அந்த ரசனைக்கு அடிப்படை. அப்புறம் அது ஒரு தோற்றமாக மட்டும் சுருங்கி, தொழிற்சாலையிலேயே ஓரம் தேய்த்து வரும் அளவுக்குப் போனது. அப்படி வரும் ஒரு நாற்காலியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நான்கு கால்களும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கும். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் எல்லா விளிம்பிலும் பென்சிலால் கோடு போட்டதைப் போல ஒரே அகலத்தில் மரம் தெரியும். அந்த மரமும் அப்போதுதான் சீவியதைப் போல வெளிறி, புத்தம்புதிதாக இருக்கும்.

நிஜமாகப் பழசான நாற்காலியில் இப்படி நடக்கவே நடக்காது. முன்கால்களை இணைக்கும் குறுக்குக்கட்டையின் மேல்பக்கம், கால் வைத்துக் கால் வைத்து, கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். அதே கட்டையின் அடிப்பக்கத்தில் முதல் நாள் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கும். கைப்பிடியின் நுனி, எழுந்திருக்கும்போது உள்ளங்கை அழுந்தும் இடத்தில் மழுங்கும். சுவரோரம் தள்ளி வைக்கிற நாற்காலி என்றால் முதுகின் மேல்சட்டம் பின்பக்கமாகத் தேயும். காலின் அடி நான்கு விரல் உயரத்துக்குத் துடைப்பமும் ஈரத்துணியும் பட்டுப் பட்டு நிறம் போயிருக்கும். செதுக்கு வேலை இருந்தால் மேடுகள் வெளுக்கும், பள்ளங்களில் அழுக்கு தங்கிக் கறுக்கும். கை போகாத இடத்தில் எதுவுமே நடந்திருக்காது. வெள்ளை நிறத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய வெள்ளைப் பெயின்ட், வெயில் படும் இடத்தைவிட வெளிச்சமே படாத இடத்தில்தான் அதிகமாக மஞ்சளிக்கும். அலமாரிக் கதவின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

தேய்வதும் இடிபடுவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதையும் பலரும் கவனிப்பதில்லை. துணியும் தோலும் பட்டுத் தேய்ந்த இடத்தில் மேல்நிறம் படிப்படியாக மெலிந்து, அடிநிறமாகி, பிரைமராகி, கடைசியில் மரமாகும். எங்கே எது முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. இடிபட்ட இடத்தில் அப்படி இல்லை. பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து, விளிம்பு கூர்மையாக நிற்கும். மேசையின் மூலை இடிபடும் இடம், மேசையின் முன்விளிம்பு தேயும் இடம். உப்புத்தாளுக்குத் தேய்க்க மட்டும்தான் தெரியும். அதை மட்டுமே வைத்துக்கொண்டு மூலையையும் விளிம்பையும் ஒரே மாதிரி நடத்தும்போது, நம் கண் காரணம் சொல்லத் தெரியாமலேயே "இது சரியில்லை" என்று விலகிக்கொள்கிறது.

இழுப்பறையின் அடி விளிம்பு

இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான். ஆனால் அது ஒரு நிலைப்பாடாக மாறியது, இரண்டு இழுப்பறை வைத்த ஒரு சின்ன எழுதும் மேசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது. கருஞ்சிவப்பு வார்னிஷ் போட்ட மேசை. பாதி இடத்தில் வார்னிஷ் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. பெயின்ட் அடிக்கத் தோதான சாமான். திட்டமும் தயாராக இருந்தது: சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுவதையும் உப்புத்தாள் போட்டுச் சமமாக்கி, சாம்பல் நிற அடிக்கோட், மேலே வெள்ளை, அப்புறம் குமிழைச் சுற்றியும் மூலைகளிலும் தேய்ப்பது.

ஈரத்துணியால் வலது இழுப்பறையைத் துடைத்துக்கொண்டே வந்தபோது கை ஓரிடத்தில் வழுக்கியது. முகப்புப் பலகையின் அடி விளிம்பு. குனிந்து பார்த்தேன். நான்கு விரல் அகலத்துக்கு வார்னிஷ் சுத்தமாக இல்லை. மரம் மட்டும் கறுத்து, கண்ணாடிக் கல்லைப் போல வழவழப்பாக இருந்தது. விளிம்பின் கூர்மை போய் உருண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த குமிழைச் சுற்றி வார்னிஷ் புதுசாகவே இருந்தது. குமிழைப் பிடித்து ஆட்டினேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே திருகாணியின் துளை எப்போதோ பெருத்துப் போயிருக்கிறது. குமிழ் ஆடத் தொடங்கிய பிறகு அந்த மேசையைப் பயன்படுத்தியவர் அதைச் சரிசெய்யவில்லை. அடியில் விரலைக் கொடுத்தே இழுத்துப் பழகியிருக்கிறார், வருஷக்கணக்காக. இடது இழுப்பறையில் குமிழைச் சுற்றி நகம் பட்ட அரைவட்டம் இருந்தது, அடி விளிம்பில் ஒன்றும் இல்லை. அப்புறம் மேசையின் முன்விளிம்பைப் பார்த்தேன். நடுவிலிருந்து சற்று வலப்புறமாக, முன்கை வைக்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வார்னிஷ் மெலிந்திருந்தது. கீழே கால்வைக்கும் கட்டையிலும் ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது.

அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் வலக்கைக்காரர், சற்றுச் சாய்ந்து உட்காருகிறவர், வலது இழுப்பறையை ஓயாமல் திறக்கிறவர் என்பது வரை அந்த மேசை சொல்லிவிட்டது. என் கையில் 120-ஆம் நம்பர் உப்புத்தாள் இருந்தது. அதை வைத்து நான் செய்யவிருந்தது என்ன என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. இருக்கிற தேய்மானத்தை அழித்துவிட்டு, இல்லாத தேய்மானத்தைக் குமிழைச் சுற்றி வரையப் போகிறேன். நண்பர் கேட்ட பொய் இதுதான். பெயின்ட் அடிப்பது பொய் இல்லை, தேய்ப்பதும் பொய் இல்லை. ஒரு சாமானுக்கு நடந்தவற்றை விசாரிக்காமல், நம் மனதில் இருக்கும் ஒரு படத்தை அதன்மேல் ஒட்டுவதுதான் பொய்.

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு மெழுகுவத்தியை எடுத்தேன். இந்த உத்தி இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் பிடிக்க வேண்டாத இடத்தில் மெழுகைத் தேய்த்துவிட்டால், மேலே என்ன அடித்தாலும் அங்கே ஒட்டாமல் நிற்கும், காய்ந்த பிறகு தகட்டால் நெம்பினால் பெயர்ந்து வந்துவிடும். வழக்கமாக இதை ஒரு அலங்காரமாகச் செய்வோம். இங்கே எனக்கு அது வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. மெழுகு போட்ட இடத்தில் உப்புத்தாள் படவே வேண்டாம். பல வருஷக் கைப்பிசுக்கும் வழவழப்பும் அப்படியே காப்பாற்றப்படும். பெயின்ட் பெயர்ந்ததும் வெளியே வருவது அப்போதுதான் சீவிய வெளிறிய மரமாக இருக்காது, கறுத்துப் பளபளத்த அதே மரமாக இருக்கும். இழுப்பறையின் அடி விளிம்பு, முன்கை வைத்த இடம், கால்கட்டையின் ஒரு பக்கம், இடது குமிழின் அரைவட்டம், ஏற்கெனவே சில்லுப் பெயர்ந்திருந்த இரண்டு மூலை. இவ்வளவுக்கும் மெழுகு போட்டேன். எங்கெல்லாம் என்று மறக்காமல் இருக்க ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் இரண்டு கோட் அடித்த பிறகு கண்ணுக்கு எல்லா இடமும் ஒன்றுதான்.

மற்ற இடங்களுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) ஒரு கோட். மகோகனி போன்ற சிவந்த மரத்திலும் சில பழைய சாயங்களிலும் வெள்ளை அடித்தால், இரண்டே நாளில் கறை ரோஸ் நிறத்தில் மேலே கசிந்து வரும். எத்தனை கோட் அடித்தாலும் வரும். அவலரக்கு அதை நிறுத்திவிடும். அதன்மேல் சாம்பல், அதன்மேல் வெள்ளை, இரண்டும் சாக் பெயின்ட். ஆன்னி ஸ்லோன் 1990-இல் கொண்டுவந்த இந்த வகைப் பெயின்ட்டின் வசதி, பழைய வார்னிஷைச் சுரண்டாமலே பிடிக்கும், கெட்டியாக, பளபளப்பில்லாமல் காயும், ஈரத்துணியாலேயே தேய்த்துக் குறைக்கலாம், தூசியும் பறக்காது. காய்ந்த மறுநாள் தகட்டை எடுத்து என் படத்தைப் பார்த்துப் பார்த்து நெம்பினேன். சில்லுகள் உதிர்ந்தன. மெழுகிட்ட இடத்தின் ஓரங்களை மட்டும் 220-ஆம் நம்பர் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தடவி, வெள்ளை சாம்பலுக்குள் கரையும்படி செய்தேன். வேறெங்கும் தொடவில்லை. குமிழின் துளையை அடைத்துத் திருகாணியை இறுக்கினேன், வலது குமிழைச் சுற்றி ஒன்றுமே செய்யவில்லை.

சிவப்புக்கு அடியில் கறுப்பு

ஜப்பானில் நெகோரோ என்று ஒரு வகை அரக்குப் பூச்சுப் பாத்திரங்கள் உண்டு. வாகயாமா பகுதியில் இருக்கும் நெகோரோ மடாலயத்தின் பெயரில் வந்தது. துறவிகளின் அன்றாடப் புழக்கத்துக்கான கிண்ணம், தட்டு, சின்ன மேசை. அடியில் கறுப்பு அரக்கு, மேலே சிவப்பு. வருஷக்கணக்கில் கை பட்டுப் பட்டு, சிவப்பு தேய்ந்த இடத்தில் கறுப்பு தெரிய ஆரம்பித்தது. 1585-இல் தோயோதோமி ஹிதேயோஷி என்ற போர்த்தலைவரின் படை அந்த மடாலயத்தை எரித்தது. பிற்காலத்தில் அந்தத் தேய்ந்த தோற்றத்தின் மேலேயே மக்களுக்கு ஆசை வந்து, கைவினைஞர்கள் புதுப் பாத்திரத்தின் சிவப்பைத் தாங்களே மெருகுதேய்த்துக் கறுப்பைக் காட்டத் தொடங்கினார்கள். நாம் இன்று மேசைக்கும் அலமாரிக்கும் செய்கிற அதே வேலை.

இதைப் படித்தபோது எனக்கு நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி இருந்தது. தேய்ந்த பொருளைப் பார்த்து ஆசைப்படுவதும், அதைக் கையால் செய்து பார்ப்பதும் இந்தக் காலத்து நாகரிகக் கோளாறு கிடையாது. மனிதர்கள் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். நல்ல நெகோரோவில், கிண்ணத்தின் உதடு படும் விளிம்பிலும் கை ஏந்தும் வளைவிலும் கறுப்பு தெரியும்படி இருந்தால் அது மனதில் நிற்கும். எந்தப் பாத்திரம் எப்படிக் கையாளப்படும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. நண்பரிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: கவனித்துச் செய்தால் இது ஒரு வகைச் சித்திரம். உருவப்படம் வரைகிறவர் முகத்தைப் பார்த்து வரைகிறார். நாம் புழக்கத்தைப் பார்த்து வரைகிறோம். அவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "தேக்குல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்கிறார். அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

பழைய தடயம் எதுவும் இல்லாத சாமான்களும் வரும். அங்கே நான் முதலில் செய்வது, அதை ஒரு நாள் பயன்படுத்துவது. அலமாரி என்றால் திறந்து மூடுவேன், எந்தக் கதவை முதலில் திறக்கிறேன், விரல் எங்கே படுகிறது என்று பார்ப்பேன். அந்த இடங்களில் மட்டும் மெழுகு. பால் பெயின்ட் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். பாலின் கேசீன் புரதமும் சுண்ணாம்பும் நிறமியும் சேர்ந்த பொடி, அவ்வப்போது தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும், கரைத்ததை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. ஒட்டவைக்கும் கலவை எதுவும் சேர்க்காமல் பழைய வார்னிஷ் மேல் அடித்தால், பிசுக்கு இருந்த இடத்தில் அது பிடிக்காமல் தானாகச் செதிலாக உரியும். எங்கே உரியும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, கைபட்ட பிசுக்கு முடிவு செய்கிறது. எனக்கு இதில் இருக்கும் நேர்மை பிடித்திருக்கிறது. விரிசல் விடவைக்கும் பூச்சு மட்டும் எனக்கு ஒத்துவருவதே இல்லை. வச்சிரப் பசையை இடையில் தடவி மேலே பெயின்ட் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும், உண்மைதான். ஆனால் கதவு முழுக்க ஒரே மாதிரி வெடித்த பெயின்ட்டை நான் எந்தப் பழைய சாமானிலும் பார்த்ததில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாமானில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால், அதில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978-இல்தான். பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற இன்றைய வரம்பைப் பல நாடுகள் அதற்கும் ரொம்பப் பின்னால்தான் சட்டமாக்கின. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதிலும் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். எனவே பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் அந்தச் சாமானின் அழகு வேறு யாராவது முறையாகப் பயின்றவர் கையில் இருக்கட்டும். சந்தேகம் தீராத தொட்டிலையும் குழந்தை நாற்காலியையும் நான் கையில் எடுப்பதே இல்லை.

மேலே என்ன பூசி முடிப்பது என்பதில் எனக்கு இப்போது ஒரு பிடிவாதம் வந்திருக்கிறது. தண்ணீரும் சூடான பாத்திரமும் படும் மேற்பலகைக்குப் பளபளப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு, வேறு வழியில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மெழுகு மட்டும். முதலில் நிறமில்லாத மெழுகு, அது ஊறிய பிறகு பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் கரும்பழுப்பு மெழுகு. நேரடியாகக் கரும்பழுப்பைத் தடவினால் பெயின்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் கறையை அப்புறம் எடுக்க முடியாது. மெழுகு முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணி வேண்டாம். கெட்டியான வார்னிஷ் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லைதான். ஆனால் அது நான் தேய்த்த இடத்தோடு தேய்மானத்தைப் பூட்டிவிடும். மெழுகு அப்படிச் செய்யாது, வருஷம் ஒரு முறை மறுபடி போட வேண்டியிருக்கும், இடையில் புழங்குகிற கை தன் வேலையைத் தொடரலாம். அந்த எழுதும் மேசை இப்போது என் உறவில் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. இடக்கைக்காரி. அவளுடைய முன்கை படும் இடத்தில் நான் வெள்ளையைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.